அடிவாரத்தில் இருந்த ஓடிபி

எங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கம் மாலை ஐந்தரைக்கு அச்சுக்குப் போகும். ஐந்து மணிக்கு, கொடைக்கானல் வீட்டில் உட்கார்ந்து பக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தபோது என் தவறு தெரிந்தது. வடகவுஞ்சியில் பூண்டு மூட்டைகளைப் பறிகொடுத்த பெண்ணின் படத்துக்குக் கீழே ‘திருட்டு வழக்கில் கைதானவர்’ என்று இருந்தது. இரண்டு படங்களின் வரிகளை மாற்றி ஒட்டியிருந்தேன்.

திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் இங்கிருந்து மதுரை அலுவலகக் கணினிக்குள் நுழைய, பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி வேண்டும். முன்பு அது அவரவர் கைப்பேசிக்கு வந்தது. யார் எப்போது வேலைக்கு உட்காருகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்று, மேலாளர் எங்கள் எண்களை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவரை அழைத்துக் கேட்க வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் பாதுகாப்பு.

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவரை அழைத்தேன்.

“சார் பழனிக்குப் போயிருக்காருண்ணே. கோயிலுக்குள்ள போன் விடமாட்டாங்கள்ல, அடிவாரத்துல குடுத்துட்டுத்தான் மேல போயிருப்பாரு.”

“நீயே மாத்திரு.”

“பக்கம் உங்க பேர்ல பூட்டிக் கெடக்கு. நான் தொட்டா தொறக்காது.”

“அச்சுக்கு அனுப்பாம நிறுத்து.”

“அதுக்கும் சார்தாண்ணே சொல்லணும்.”

நான்கு முறை ஓடிபி கேட்டேன். நான்கும் அடிவாரத்தில், டோக்கன் போட்ட ஒரு பெட்டிக்குள் போய் விழுந்து காலாவதியாயின. பக்கம் அச்சுக்குப் போனது.

ஏழு மணிக்கு மேலாளர் அழைத்தார். நல்ல தரிசனம் கிடைத்த குரல். “நாலு ஓடிபி வந்திருக்கே. எது வேணும், சொல்லு.”

“எதுவும் வேணாம் சார். அச்சாயிருச்சு.” விஷயத்தைச் சொன்னேன்.

“சரி விடு, திருத்தம் போட்டுக்கலாம். சிஸ்டத்துக்குள்ள வேற யாரும் பூந்துரலேல்ல? அதச் சொல்லு.”

படத்தோடு திருத்தம் வேண்டும் என்றேன். இடமில்லை என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வடகவுஞ்சி போனேன். அந்தப் பெண் தோட்டத்தில் இருந்தார். தாளை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன், நாளைக்குத் திருத்தம் வரும் என்றேன்.

“வரட்டுங்க. டீக்கடையில வெள்ளனே சத்தமா வாசிச்சுட்டாக. நாளைக்கு அதையும் சத்தமா வாசிப்பாகளா?”

திருத்தம் வந்த காலையிலும் போனேன். டீக்கடையில் நின்று நானே சத்தமாக வாசித்தேன். மூன்று வரி.

பெஞ்சிலிருந்தவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல படத்தக் காணோமே” என்றார்.