அதோ மாமா

டிவியில் எழுபத்தொன்றாம் வருடப் போரைப் பற்றிய படம் ஓடுகிறது. எனக்குப் புளிச்சாக்கு மணக்கிறது.

ஜவ்வாது மலையில், எங்கள் பள்ளி ஜன்னல்களைப் புளிச்சாக்கால் மூடித்தான் சர்க்கார் ஜீப்பில் வந்தவர்கள் அந்தப் போரைப் படமாகக் காட்டினார்கள். பட்டாளத்துக்குப் போன மாமா அதில் இறந்ததாகத் தந்தி வந்திருந்தது, உடல் வரவில்லை. எங்கள் வழக்கப்படி அத்தைக்கு அடுத்த மாதம் மறுகல்யாணம் பேசியிருந்தார்கள்.

அன்று காலை புளி திருடித் தின்றதற்கு அத்தை என் தொடையில் கிள்ளியிருந்தாள். திரையில், போர் முடிந்து திரும்பும் வரிசையில் யாரோ ஒரு சிப்பாய் சிரித்தான்.

"அத்தே, அதோ மாமா!" என்று கத்தினேன்.

"இன்னாடி சொல்ற? நெசமாவா?"

அவள் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அத்தை அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவேயில்லை.

இப்போது டிவியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். "மாமா வந்தா சொல்லுடி, எனக்குக் கண்ணு தெர்ல" என்கிறாள்.

நான் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.