லேசருக்குப் போர்த்திய கம்பளி

லேசர் மெஷின் இரண்டாம் தடவையும் நின்றுபோனது. மாரியாயி நாடியை மெஷினின் முகத்தாங்கியில் ஊன்றியபடி அசையாமல் இருந்தார். இது இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு நடந்தது; இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் கண் சிகிச்சை நிலையம் ஒன்றில் மெஷின்களுக்கு நான்தான் பொறுப்பு. மாரியாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். சீனி வருத்தத்தில், அதாவது சர்க்கரை நோயில், ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் இரத்தம் கசியாமலிருக்க லேசரால் சுட வேண்டும்.

யாழ்ப்பாணத்து டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இண்டைக்குச் செய்யாட்டி இந்தக் கண்ணும் தப்பாது."

திரையில் 'ஓவர்ஹீட்' என்று நின்றது. கொழும்புக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"டயமண்ட் போயிருக்கும். பார்ட் வெளிநாட்டுல இருந்து வரணும், மாசக்கணக்காகும்" என்றார்கள்.

அந்த லேசரில், ஒளியை உண்டாக்கும் சிப்பின் மேல் மெல்லிய வைரத் தகடு ஒட்டியிருக்கும். ஏன் வைரம் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். செம்பு சூட்டை இழுக்கும், ஆனால் ஒளியை மறைத்துவிடும். கண்ணாடி ஒளியை விடும், சூட்டை இழுக்காது. வைரம் ஒளிக்கு வழிவிட்டு, செம்பைவிட வேகமாகச் சூட்டை ஓரத்துக்குக் கடத்தும். கடத்தத்தான் செய்யும், விழுங்கிவிடாது. அங்கிருந்து செம்புக் கட்டை அந்தச் சூட்டை வாங்க, ஃபேன் அதை வெளியே தள்ள வேண்டும்.

அந்த நினைப்பில் பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கு முன்னாலிருந்த தகடுகளின் இடுக்கெல்லாம் திரிதிரியாகக் கறுப்பு ரோமம். அறை மூலையில் ஒரு கறுப்புக் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. மழையோ பனியோ, எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளிதான். மெஷினுக்கும் போர்த்தியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு போத்துனது இத?"

"அது என் கம்பளிங்கய்யா" என்றார் மாரியாயி. "போன தடவ வந்தப்ப நர்ஸம்மாகிட்ட குடுத்து, ராவுல போத்திவிடச் சொன்னேன். பனியில கெட்டுப்போச்சுன்னா என் கண்ணுக்கு வேற மெசினு ஏதுங்க?"

பிரஷ்ஷை எடுத்து ரோமத்தைச் சுத்தம் செய்தேன். மறுபடி போட்டபோது லேசர் நிற்கவில்லை.

டாக்டர் வேலையை முடித்து எழுந்தார். "இருக்கிற பார்வை நிக்கும், அம்மா. பயப்பிடாதேங்கோ."

"மெசினுக்கு என்னங்க ஆச்சு?" என்று மாரியாயி என்னைக் கேட்டார்.

"தூசிம்மா." கம்பளியை உதறி அவர் தோளில் போட்டேன். "அதுக்கு இனிமே குளிராது. நீங்க போத்திக்கிட்டுப் போங்க."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓவர்ஹீட் என்று வந்தால் முதலில் காற்றுப் போகிற வழியைப் பாருங்கள், வைரத்தைப் பிறகு பார்க்கலாம். காரணத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.