ஆடி அமாவாசைக்கு மீன் காய்ச்சுகிறவள்

“உங்கடை மனிசன் செத்தவர், நீங்கள் மரக்கறி தின்னுங்கோ. என்ரை மனிசன் சாகேல்லை. எங்கடை வீட்டிலை இண்டைக்கும் மீன்தான்!”

“எடியே பத்மா, ஆடி அமாவாசையும் அதுவுமாய் ஊரெல்லாம் மணக்குதடி” என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியதற்கு அவள் தந்த பதில் அது. பன்னிரண்டு வருடமாகிறது. நானும் சும்மா விடவில்லை. இருவரும் ஆறு மாதம் கதைக்கவில்லை.

தகப்பன் செத்த பிள்ளைகள் விரதம் இருக்கிற நாள் அது. அந்த வீடுகளில் காத்தோட்டிக்காய் என்ற கைப்புக்காயைக் கட்டாயம் காய்ச்ச வேண்டும். பத்மாசினியோ முதல் நாளே சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி ஐஸில் போட்டு வைப்பாள். விடிந்ததும் அடுப்பை மூட்டுவாள். தன் வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்று ஊருக்குச் சொல்ல அவளிடம் இருந்தது அந்தக் குழம்பும் நெற்றியில் பெரிய பொட்டும்தான்.

அவள் புருஷன் சிவகடாட்சம் சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிச் சாமான் வராமல்போன வருடம், சீனிக்கு வரிசையில் நிற்கவென்று காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் சங்கக்கடைக்குப் போனவர். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. பத்மா போகாத இடமில்லை, படம் காட்டாத ஆளில்லை. மகன் வாகீசனுக்கு அப்போது நாலு வயது. தையல் மெசினை மிதித்து மிதித்தே அவனை ஆளாக்கினாள்.

இந்த வருடம் அவனுக்குப் பிரான்ஸ் போக விசா சரிவந்தது. ஆனி மாதம் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சொன்னான்:

“அம்மா, இந்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்திலை அப்பாவுக்கு முழுகிப்போட்டுத்தான் போவன். நீங்கள் ஓம் எண்டால் மட்டும்.”

“நீ முழுகினால் அப்பாவைச் சாகடிச்சது நீதான்” என்றாள். அதோடு அவனோடு கதையை நிறுத்தினாள்.

வீட்டில் கதைக்க ஆளில்லாமல் போனதால் நூலகத்தில் ஒரு கதைப்புத்தகம் எடுத்து வந்தாள். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. இதைக்கூட நான் சொல்ல இன்னொருத்திதான் எழுதுகிறாள். பின்னேரங்களில் பத்மா வாசிப்பாள், நான் புளிக்குக் கொட்டை எடுத்தபடி கேட்பேன்.

புத்தகத்திலே, கந்தோரில் கிளாக் வேலை செய்கிற பெட்டை ஒருத்தி, தாயின் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு இரும்பு அலுமாரிக்குள் ஏறினால் முப்பது வருடம் முந்தி இறங்குவாள். அங்கே ஒரு மீசைக்காரன். அவனில் இவளுக்கு விருப்பம். ஒவ்வொரு தரமும் இறங்கியதும் “இண்டைக்கு என்ன திகதி?” என்று கேட்டு யாரிடமாவது ஏச்சு வாங்குவாள். அந்த நாளின் உடுப்போடு, அதே நேரத்துக்கு, அதே இடத்தில் நின்றால்தான் போகலாமாம்.

“அலுமாரிக்குள்ளை பூச்சி உருண்டை மணத்துக்கே அவள் செத்திருப்பாள்” என்றேன். “பதினாலு தரம் போனவளுக்கு ஒருக்காலும் பசிக்கேல்லையே? ஒண்டுக்கும் வரேல்லையே?”

பத்மா சிரித்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் பல்லை அன்றைக்குத்தான் கண்டேன். புத்தகம் எழுதினவன் நல்லாயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடைசி அத்தியாயம் கேட்டபிறகு அந்த நினைப்பு இல்லை.

கடைசியில் அந்தப் பெட்டை மீசைக்காரனின் கையைப் பிடித்து அலுமாரிக்குள்ளால் இழுத்து வந்துவிடுகிறாள். கலியாணம். அவன் போனைத் தலைகீழாய்ப் பிடித்துக் கதைக்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். பத்மா சிரிக்கவில்லை.

“கையைப் பிடிச்சு இழுத்தாளாம், வந்திட்டானாம்” என்றாள். “பாத்தீங்களே இரத்தினக்கா, எவ்வளவு லேசு.”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவளின் கத்தல் கேட்டு ஓடினேன். படலையடியில் நின்றாள். அவர் போன அன்றைக்கு அவள் போட்டிருந்த சட்டை, நிறம் போய்த் தோள் கிழிந்து. கையில் வெறும் சீனிப் பை. யாருமில்லாத ஒழுங்கையைப் பார்த்துக் கத்தினாள்:

“சீனி வேண்டாமப்பா! திரும்பி வாங்கோ! வெறுந்தேத்தண்ணி குடிப்பம், வாங்கோ!”

“விசரே உனக்கு? உது புத்தகமடி!”

“தெரியும். விசர்தான். ஒருக்காக் கத்திப் பாப்பமெண்டு...” வேலியைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள். “அண்டைக்கு அவர் போகமாட்டனெண்டுதான் நிண்டவர், அக்கா. ரோட்டு நிலைமை சரியில்லை எண்டவர். நான்தான் பையை எறிஞ்சனான். சீனி இல்லாமல் இந்தப் படலைக்குள்ளை வராதையுங்கோ எண்டு சொன்னனான்.”

பத்தொன்பது வருடமாய் ஒருத்தருக்கும் சொல்லாத சொல். எனக்கே சொல்லவில்லை.

வாகீசன் பல்லுத் தூரிகையோடு பின்னால் நின்றிருக்கிறான். நாங்கள் காணவில்லை. வந்து தாயின் பக்கத்தில் மண்ணில் குந்தினான்.

“அம்மா, அப்பா உங்கடை சொல்லுக்குப் பயந்து வராமல் நிக்கேல்லை. வர ஏலுமாயிருந்தால் அடுத்த நாளே சீனி இல்லாமல் வந்து ஏச்சு வாங்கியிருப்பார்.”

அவள் அவனை அடித்தாள். முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடித்தாள். அவன் அசையவில்லை. கை சோர்ந்த பிறகு அவன் தோளில் விழுந்து குழறினாள். நான் படலையைச் சாத்தினேன். ஒழுங்கையால் போகிறதுகளுக்கு வேடிக்கை வேண்டாம்.

அதன்பிறகு அவள் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பஸ் ஏறினாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. நாளைக்கும் மீன் மணம்தான், வாயை மூடிக்கொண்டு கிட என்று எனக்கு நானே சொன்னேன்.

மத்தியானம் வந்தவள் வேலிக்கு மேலால் கூடையைச் சரித்துக் காட்டினாள். ஐஸும் இல்லை, மீனும் இல்லை. கடதாசிச் சரையில் பச்சையாய்க் கொஞ்சம் காத்தோட்டிக்காய்.

“உதை எப்பிடிக் காய்ச்சிறதெண்டு எனக்குத் தெரியாது, அக்கா” என்றாள். “கைப்பு எடுபடுமே?”

“எடுபடாது” என்றேன். “என்ன விலையடி?”

“கால் கிலோ அறுநூறு ரூபாய்.”