சோளத்தட்டுக்குப் பின்னால் இரண்டு கதவுகள்

நஞ்சப்பன் பஞ்சாயத்துத் தலைவராகி, என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அன்று எனக்கு வந்த எரிச்சலை எந்த மாதாவிடம் போய்ச் சொல்ல! ஒன்பது வருஷம் என் கண்ணில் மண்ணைத் தூவிய மனிதர். அவருக்கே இனி நான் கிளார்க்கு. "என்னா சவுரி, சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

மண்ணைத் தூவிய கதையைச் சொல்லாமல் அந்த மனிதரின் கதையைச் சொல்ல முடியாது. என் பெயர் சவுரியப்பன். எழுபத்தேழில் கொள்ளுப்பட்டிப் பஞ்சாயத்துக்குக் கிளார்க்காக வந்தேன். வருஷா வருஷம் மார்ச்சில் வீட்டு வரி வசூல் என் தலையில் விழும். தனி வாசலும் தனி அடுப்பும் இருந்தால் அது தனி வீடு. அதற்கு ஒரு கதவு எண், ஒரு வரி. எங்கள் ஊரில் பையனுக்குக் கல்யாணமானால் மறு மாதமே வீட்டுக்கு நடுவில் ஒரு மண்சுவர் எழும்பும். தெருப்பக்கம் புது வாசல் திறக்கும், உள்ளே புது அடுப்பு புகையும். ஆனால் ஊர் எல்லையில் என் சைக்கிள் தெரிந்ததோ இல்லையோ, அத்தனை புது வாசல்களிலும் கதிர் அறுத்துக் காயவைத்த சோளத்தட்டுக் கட்டுகள் வந்து சாய்ந்துகொள்ளும். கதவு இருந்த இடமே தெரியாது. மாட்டுக்கு வைத்த தட்டு என்பார்கள். மாடே இல்லாத வீட்டிலும் தட்டு இருக்கும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் நஞ்சப்பன்தான். அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் தீர்த்தகிரி, நடுவில் இவர், கடைசி மாது. அப்பன் வீட்டை மூன்றாகத் தடுத்துக் குடியிருந்தார்கள். நடுவாசல் மாதுவுடையது, அது ஒன்றுதான் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தட்டு. கூரைமேல் மூன்று இடத்தில் புகை போகிறதே என்று கேட்டால், "ஒண்ணு சோத்தடுப்பு, ஒண்ணு வெந்நி அடுப்பு, இன்னொண்ணுல மாட்டுக்குக் கொள்ளு வேகுதுங்க" என்பார், முகம் மாறாமல். வரி என்ன ஆயிரமா, இரண்டாயிரமா? வருஷத்துக்கு நாலு ரூபாய்! கட்ட முடியாமல் இல்லை. சர்க்காரை ஏமாற்றுவதில் அவருக்கு ஒரு ருசி. இப்படியே நூறு வீட்டு ஊரை என் பதிவேட்டில் ஐம்பத்தெட்டாகச் சுருக்கிவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை. அண்ணன் தம்பிகள் நின்றுகொண்டு "ஒரே வூடுதாங்க" என்று சத்தியம் பண்ணினால் நான் எந்தத் தட்டைப் பிரித்துப் பார்ப்பது?

ஆள் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். கலவை சுமக்கப் போனவர் கம்பி கட்டக் கற்றுக்கொண்டு ஆறு வருஷம் அங்கே இருந்தார்; மார்ச் வசூல் சமயத்தில் மட்டும் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவார். அவர் வேலை செய்ததில் பாதி தண்ணீர்த் தொட்டிகள். எண்பத்து மூன்றில் எங்கள் ஊர்க் கிணறு அடியோடு வற்றி, பெண்கள் இரண்டு மைல் தள்ளியிருந்த ஓடைக்கிணற்றுக்கு நடந்தார்கள். அதன் படியில் அவர் மனைவி பெரியம்மாள் குடத்தோடு சறுக்கி விழுந்து கால் ஒடிந்தது. கட்டுப் போட்டுக் கால் கூடிவிட்டது, நடைதான் கோணிப்போயிற்று. தந்தி பார்த்து வந்தவர் திரும்பப் பெங்களூர் போகவில்லை. "ஊரான் வூட்டு மேலெல்லாம் தொட்டி கட்டித் தண்ணி ஏத்தினேன். என் பொண்டாட்டி கெணத்துல உழுந்து கெடக்கறா. தூ!" என்று என்னிடமே சொல்லித் துப்பினார். அன்றைக்கு மட்டும் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எண்பத்தாறில் தேர்தல் வந்தது. வருஷக்கணக்கில் தனி அலுவலர் கையில் இருந்த பஞ்சாயத்து, எல்லாருக்கும் ஒரே உற்சாகம். நஞ்சப்பன் கொடுத்தது ஒரே ஒரு வாக்கு: ஊருக்கு மேல்நிலைத் தொட்டி, தெருத்தெருவுக்குக் குழாய். "வர்ற வருசம் மார்ச்சுக்குள்ள உத்தரவு வாங்கலைன்னா எழுதிக் குடுத்துட்டு எறங்கிடறேன்" என்று மாதா கோயில் தெருவிலும் சொன்னார், மாரியம்மன் கோயில் தெருவிலும் சொன்னார். இரண்டு தெருவும் ஓட்டை அள்ளிக் கொடுத்தன.

அதற்கப்புறம் அலைச்சல்தான். நாலைந்து மனு எழுதி என் கை வலித்தது. பொங்கல் கழிந்து ஒருநாள் பென்னாகரத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஒன்றிய ஆபீசில் பி.டி.ஓ. எங்களை உட்கார வைத்தே பேசினார். நல்ல மனிதர்.

"திட்டம் இருக்குது, பணமும் இருக்குது. ஆனா நூறு வீடு உள்ள ஊருக்குத்தான் தொட்டி. உங்க பதிவேட்டுல ஐம்பத்தெட்டுதானே இருக்கு? வேணும்னா ஒரு அடிபம்பு தரேன்."

நஞ்சப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஐயா, நூறு வூடு இருக்குதுங்க" என்றார்.

"இருந்தா ஏன் பதிவேட்டுல இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தேன்.

"மார்ச் பத்தாந்தேதி நானே வந்து எண்ணறேன். நூறு கதவு எண் இருந்தா மாசக் கடைசிக்குள்ள உத்தரவு. ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த ஊருக்குப் போயிடும். என்னைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார் பி.டி.ஓ.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். காசே கட்டாமல் வைத்துக்கொண்ட ஊர் எங்கள் ஊர்தான்.

"சிரிங்க சவுரி. ஒம்போது வருசத்துச் சிரிப்பையும் இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க" என்றார் நஞ்சப்பன். "காலைல பொஸ்தகத்தோட வாங்க."

மறுநாள் தெருவில் இறங்கினோம். முதல் மூன்று நாள் ஒரு வாசலும் திறக்கவில்லை. "தலைவரானதும் வரி கேக்க வந்துட்டாரு பாரு" என்று காதுபடவே பேசினார்கள். மாதா கோயில் தெருவில் ராயம்மாள் என்று ஒருத்தி. அவள் நாக்குக்குப் பயந்து உபதேசியாரே சுற்றுவழியில் போவார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தட்ட சாத்தச் சொன்னதும் நீங்க, எடுக்கச் சொல்றதும் நீங்களா? மொதல்ல உங்க வூட்டுத் தட்ட எடுங்கண்ணா!"

"எடுக்கறேன் தாயி. கடைசியா எடுக்கறேன்."

"ஏன், மொதல்ல எடுத்தா மாடு கோவிச்சுக்குமா?"

தெருவே கொல்லென்று சிரித்தது. தலைவரும் சேர்ந்துதான் சிரித்தார்; பிறகு அவளிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "தப்பு என்னுதுதான் ராயம்மா. நாலு ரூபாய மிச்சம் புடிக்கறேன்னு ஊரையே பாதியாக்கிட்டேன். பாதி ஊருக்குத் தொட்டி கெடையாதாம்."

ராயம்மாள் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். அப்புறம் தன் வாசலில் சாய்ந்திருந்த தட்டுக் கட்டைக் காலால் எத்தித் தள்ளினாள். "எழுது சவுரியண்ணா. நாலு ரூவா பெருசா, நாலு மைல் நடை பெருசா?" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வந்த ஆம்பிளைகள் அவரவர் வீட்டில் திறந்து கிடந்த கதவைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். பெண்கள் யாரையும் கேட்கவில்லை. நான் தார் டப்பாவும் குச்சியுமாக ஓடி ஓடி எண் எழுதினேன். எழுபத்தொன்று, எண்பத்து நாலு, தொண்ணூற்றேழு. தலைவர் வீட்டை ஒன்றாக வைத்தால் தொண்ணூற்றெட்டு. மூன்றாக எழுதினால் சரியாக நூறு. அவர் வீட்டில் மட்டும் தட்டு அப்படியே நின்றது.

காரணம் தீர்த்தகிரி. அவர் அதிகம் பேசாத மனிதர். "என் சாவு வரைக்கும் வூடு ஒண்ணாவே இருக்கும்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அவர்கள் அப்பா சாகும்போது, "பாகம் பிரிக்காதீங்கடா" என்று தீர்த்தகிரி கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுப்பு தனியாகிப் பதினாலு வருஷம். ஆனால் நிலமும் கிணறும் இன்னும் ஒன்றுதான், பதிவேட்டில் வீடும் ஒன்றுதான். அதில் மூன்று என்று எழுதினால் ஊரறியப் பாகம் பிரிந்ததாக அர்த்தம் என்பது அவர் கணக்கு.

மார்ச் ஒன்பதாம் தேதி நான் தலைவரிடம் தனியாகச் சொன்னேன். "உங்க மாட்டுக்கொட்டாயும் கோழிக்கூண்டும் இருக்குதே. ரெண்டு எண் எழுதிடறேன். பி.டி.ஓ. உள்ள பூந்தா பாக்கப்போறாரு?" இத்தனை வருஷ நேர்மையை ஒரு தொட்டிக்காக விற்கத் துணிந்துவிட்டேன், பாருங்கள்!

"வேண்டாம் சவுரி. பொய் எழுத வெச்சுத்தான் இந்தக் கதிக்கு வந்தோம்" என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

தீர்த்தகிரி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, நாளைக்கு ஆபீசர் வர்றாரு. ரெண்டு கொறையுது" என்றார்.

தீர்த்தகிரி நிமிர்ந்தார். "நீ வரிக்குப் பயந்து தட்டு வெச்ச. நான் அதுக்கா வெச்சேன்? வாசல் மூணாப் போனத செத்துப்போன அப்பன் பாக்கக் கூடாதுன்னு வெச்சேன்டா."

ஒன்பது வருஷம் அந்தத் தட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தவன் நான். ஒரு பக்கத்துத் தட்டு வெட்கத்தால் நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்? நஞ்சப்பனுக்கே தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்கண்ணா. உங்களுக்கு மனசில்லைன்னா வேண்டாம். தொண்ணூத்தெட்டுன்னே சொல்லிடறேன். தலைவர் வேலையும் வேண்டாம், எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியில் என்னிடம் வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பி.டி.ஓ. சொன்னபடியே ஒவ்வொரு வாசலாக நின்று எண்ணினார். பின்னால் ஊரே நடந்தது. பெரியம்மாளும் காலை இழுத்து இழுத்து வந்தாள். தொண்ணூற்றேழு முடிந்து தலைவர் தெருவில் திரும்பினோம். நஞ்சப்பன் சட்டைப்பையில் மடித்த தாள் இருந்தது எனக்குத் தெரியும்.

திரும்பிய நான் அப்படியே நின்றுவிட்டேன். தெரு முழுக்கச் சோளத்தட்டு சிதறிக் கிடந்தது. மூன்று வாசலும் திறந்திருந்தன. தீர்த்தகிரி தலையிலும் தோளிலும் தட்டுத் தூசியோடு, வேர்த்து விறுவிறுத்து நடுவில் நின்றார்.

"மூணு வூடு எழுதிக்குங்க ஐயா" என்றார் பி.டி.ஓ.விடம். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "நீ தலைவரு. பொஸ்தகம் உங்கிட்ட, கிளார்க்கு உங்கிட்ட. என்னைக் கேக்காமயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தீன்னா அதுதான்டா பாகம். நீ கேட்டுக்கிட்டு நின்ன. அப்பறம் இதுல என்னா பாகம் இருக்குது?"

நஞ்சப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஊரெல்லாம் பார்க்க, ஜெயித்த தலைவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாது வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு சவுரி" என்று தீர்த்தகிரி என்னிடம் வந்தார். "நம்பர் மூணா இருக்கட்டும். வரி மூணும் நாந்தான் கட்டுவேன். இந்த ரெண்டு பசங்ககிட்ட நீ ஒரு பைசா வாங்கக் கூடாது."

பி.டி.ஓ. நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் இருபத்தேழாம் தேதி உத்தரவு வந்தது. தொட்டி கட்டும்போது கம்பி சரியாகக் கட்டவில்லையென்று ஒப்பந்தக்காரர் ஆட்களைத் தலைவர் இரண்டு தடவை பிரித்துக் கட்ட வைத்தார். எண்பத்தெட்டு ஆடியில் தண்ணீர் வந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே வாரம் எங்கள் மாதா கோயில் சாமியாரும் வந்து தொட்டியை மந்திரித்துவிட்டுப் போனார். குழாயடியில் முதல் சண்டை மூன்றாம் நாளே வந்தது, ராயம்மாள்தான் ஜெயித்தாள். தண்ணீர் கிடைத்ததும் வீட்டுக்கு வீடு கறவை மாடு வாங்கினார்கள். இப்போது பால் வண்டி காலையும் மாலையும் வருகிறது.

வீட்டு வரியா? இன்று நூற்றுப் பதினாலு எண், மார்ச் பிறக்கும் முன்பே பாதி வசூல். முதல் வசூல் எப்போதும் தீர்த்தகிரியுடையது. பன்னிரண்டு ரூபாயோடு ஆபீசுக்கே வந்து மூன்று ரசீதும் வாங்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் அவரைக் காணோம். நஞ்சப்பன் வந்து பன்னிரண்டு ரூபாயை என் மேஜைமேல் வைத்தார். "அண்ணனுக்கு நாலு நாளாக் காய்ச்சல். ரசீது போடுங்க சவுரி."

"மாட்டேன்" என்றேன்.

"என்னாய்யா, தலைவரு சொல்றேன்!"

"யார் சொன்னாலும் உங்க கையால வாங்க மாட்டேன். எனக்கு அப்படித்தான் உத்தரவு."

என்னை முறைத்துப் பார்த்தார். பணத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். அரைமணி கழித்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பஞ்சாயத்துத் தலைவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கேரியரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தீர்த்தகிரி. பின்னால் விழாமல் பிடித்துக்கொண்டு மாது. மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். தீர்த்தகிரி பன்னிரண்டு ரூபாயை வைத்து, ரசீது மூன்றையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இவங்கிட்ட வாங்காம உட்டியே சவுரி, நீதான் மனுசன்" என்றார்.