பெர்மனென்ட் ஆன கிளைடர்

பிள்ளைகளுக்குத் தெர்மோகோல் தட்டில் கிளைடர் செய்யச் சொல்லிக்கொடுக்க இன்று டவுன்ஷிப் பார்க்குக்குப் போயிருந்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தாலும் கண்ணெல்லாம் போன் மேலேயே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இங்கே நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்று சொல்வதாக இருந்தார்கள்.

"மூக்குல கனம் இல்லன்னா தலையத் தூக்கிக்கினு போயி பொத்துனு வுழுந்துடும்" என்று சொல்லி, கிளைடர் மூக்கில் மாட்டுவதற்கு ஆளுக்கொரு பேப்பர் கிளிப் கொடுத்தேன்.

பறக்கவிட்டார்கள். உடனே விழுந்தால் "கான்ட்ராக்ட்டு!" என்று கத்தினார்கள். தூரமாகப் போனால் "பெர்மனென்ட்டு!" சத்தியமாக இதை நான் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றும் விழும்போது நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

பக்கத்து ஊர் மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் சிறுமி நிலாவின் கிளைடர் வேப்பமரத்து உச்சியில் மாட்டிக்கொண்டது. அழுதுவிடுவாளோ என்று பயந்து, "இரும்மா, கொம்பு வச்சி எடுத்துத் தரேன்" என்றேன்.

"வேணாம் மிஸ்! அதான் பெர்மனென்ட் ஆயிடுச்சே. எடுத்தீங்கன்னா மறுபடியும் கான்ட்ராக்ட் ஆயிடும்."

வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரிடமிருந்து போன் இன்னும் வரவில்லை.

டவுன்ஷிப்பில் நல்ல உயரமான மரம் எந்த பிளாக்கில் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டுக்காரரை ஏற்றிவிட வேண்டும்.