நுவரெலியாவுக்கு ஒரு ஃபான்

போன மாதம் மன்னார் பஸ் நிலையத்தில், ஒரு கையில் பயணப் பையும் மறு கையில் மேசை ஃபானுமாக ஒரு கிழவன் நின்றதைப் பார்த்தீர்களா? பார்த்துச் சிரித்தவர்களில் நீங்களும் ஒருவரா?

அது நான்தான்.

"எங்க ஐயா, ஃபான் திருத்தவோ போறியள்?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"இல்லைத் தம்பி, நுவரெலியாவுக்கு."

கொண்டக்டர் என்னைப் பார்த்தார். ஃபானைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என் மனைவி பிலோமினாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

இந்தப் பத்தியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. மன்னார்த் தீவில் பேசாலைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன். அடுத்தவன் படகில் தண்ணீர் இறைத்துத் தொடங்கி, இன்று மூன்று படகுக்குச் சொந்தக்காரன். பட்டம் படித்தவர்கள் போனைத் தட்டிப் பார்க்கிற காற்றை, நான் மூக்கை நீட்டியே சொல்லிவிடுவேன். ஒரு வரி என்றேன்… கூடிவிட்டது. என்ன செய்வது, சொல்ல அவ்வளவு இருக்கிறதே!

சரி, ஃபான் கதைக்கு வருகிறேன்.

எங்கள் மகள் றெஜினா கனடாவில் இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்க பிலோமினா இரண்டு முறை விசா கேட்டாள். இரண்டு முறையும் இல்லை என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். தினமும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

"பிள்ளை, குளிருதோ?"

"சமாளிக்கிறன் அம்மா."

இந்த 'சமாளிக்கிறன்' பிலோமினாவை அரித்துக்கொண்டே இருந்தது. மன்னார் வெயிலில் வியர்த்து வழிய, நெத்தலியைக் காயப் போட்டபடி, மகள் விறைத்துப்போய்க் கிடக்கிறாள் என்று கவலைப்படுவாள். ஒரு நாள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நுவரெலியா மலையில மார்கழி தையில புல்லுக்கு மேல வெள்ளையாப் பனி கிடக்குமாம். கனடாக்காரர் விடாட்டிப் போகட்டும். நீங்கள் அதையாவது எனக்குக் காட்டுங்கோ. பிள்ளை எதுக்குள்ள இருக்கிறாள் எண்டு ஒருக்கா என்ர கையால தொட்டுப் பாக்கோணும்."

நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் பிலோமினா என்னிடம் வாய்விட்டுக் கேட்டவற்றை ஒரு கை விரலில் எண்ணலாம். அதிலும் இரண்டு விரல் மிஞ்சும்.

"இவ்வளவுதானே?" என்றேன். "எல்லாத்தையும் என்னட்ட விடு."

அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

என் திட்டம் இதுதான். நுவரெலியாவில் சீசன் சித்திரையில். அப்போது ஊரே அங்கே நிற்கும். மார்கழி தையில் ஆள் இல்லை. எங்களுக்கும் அப்போது வாடைக்காற்று. வடகடல் கொதிக்கும், படகுகள் கரையேறிக் கிடக்கும். அவர்களுக்கும் ஓவ்-சீசன், எனக்கும் ஓவ்-சீசன். எப்படிப் பொருத்தம்? கலியாணத்துக்குக் கூட இப்படிப் பொருந்தாது!

பிலோமினா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "தை முடியட்டுமே. காத்து விழுந்தாப் பிறகு போவம்."

"காத்து விழுந்தாக் கடல் திறந்திடும். கடல் திறந்தா நான் கரையில நிக்கோணும். அதோட, காத்தில்லாமல் என்ன குளிர்? வாடை அடிக்க அடிக்கத்தான் குளிர். குளிரக் குளிரத்தான் பனி. கடல் படிச்சவன் சொல்லுறன், கேள்."

கேட்டாள். பாவம்.

அடுத்து லொட்ஜ். மலையகத்து மனிதர் ஒருவர் நடத்துகிற சின்ன இடம். பெயர் முத்தையா. போன் எடுத்தேன்.

"காத்து வாற பக்கமா ஒரு அறை தாங்கோ."

"அய்யா?"

"காத்து, காத்து. சன்னலைத் திறந்தா நேர முகத்தில அடிக்கோணும்."

"அய்யா… இந்த மாசத்துல காத்து அடிக்காத ரூமாத்தான் எல்லாரும் கேப்பாங்க."

"அவை கேப்பினம். நான் மன்னார்."

எங்கள் தீவில் ஒரு வீட்டின் மதிப்பே காற்றுத்தானே? காற்று வராத அறையில் நாங்கள் ஆட்டைக் கூடக் கட்டமாட்டோம். விருந்தாளி வந்தால் காற்றுப் பக்கத்துக் கதிரையைத்தான் இழுத்துப் போடுவோம். நான் வேறு எதைக் கேட்பேன்?

"சரிங்கய்யா, மூலையில ஒரு ரூம் இருக்கு. யாரும் எடுக்க மாட்டாங்க. ஒங்களுக்கே வச்சிடுறேன்."

யாரும் ஏன் எடுக்கமாட்டார்கள் என்று கேட்டேனா? இல்லை. "ஃபான் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஃபானா? இல்லீங்களே…"

ஃபான் இல்லாத லொட்ஜா! இவர்கள் எப்படித் தொழில் நடத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. நம்முடையதைக் கொண்டுபோனால் முடிந்தது. மேசை ஃபானைத் துடைத்து, தலை வெளியே தெரியச் சாக்கில் சுற்றினேன். பிலோமினா எங்கேயோ கடன் வாங்கிய இரண்டு சுவெற்றர்களை நீட்டினாள். "ஒண்டு உனக்குப் போதும். இது உப்புத் தண்ணியில ஊறின உடம்பு" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

வவுனியாவில் மாறி, கண்டியில் மாறி, பின்னேரம் போய் இறங்கினோம். மூன்று பஸ்ஸிலும் என் மடியில் ஃபான்.

முத்தையா மூலை அறையைத் திறந்தார். நான் வீறாப்பாகப் போய்ச் சன்னலைத் திறந்தேன். ஐயோ… அது காற்றா? மலையே எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது! மேசையில் இருந்த காலண்டர் பறந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. சன்னலைச் சாத்த என் ஒருவனால் முடியவில்லை. முத்தையாவும் சேர்ந்து தள்ளினார்.

அரை மணித்தியாலத்தில் உப்புத் தண்ணீரில் ஊறிய உடம்பில் இருந்தவை: இரண்டு சாரம், இரண்டு சேர்ட், பிலோமினா கோயிலுக்குப் போடுகிற சால்வை, முத்தையாவின் மனைவி இரக்கப்பட்டுத் தந்த ரோஸ் நிறக் கம்பளித் தொப்பி. தொப்பியின் உச்சியில் ஒரு குஞ்சமும் இருந்தது.

சரி, குளிர் வந்துவிட்டது. பனி?

முதல் நாள் விடியப் போய்ப் பார்த்தோம். புல் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். இரண்டாம் நாள் தூறல். பிலோமினா குனிந்து குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே முத்தையா சொன்னார்.

"காத்து அடிச்சா பனி ஒறையாதுங்கய்யா. காத்து நின்னு, மேகம் கலையணும். அப்பதான் விடியக்காலைல புல்லு வெளுக்கும். தை கடைசியில வந்திருந்தீங்கன்னா…"

காற்றைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுக்கிறார்… அதுவும் தன் லீக்ஸ் மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்று!

கடலில் காற்று அடித்தால் குளிர், நின்றால் சூடு. மலையிலும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மலை என்னைக் கேட்கவில்லை.

பிலோமினா திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "தை முடியட்டும் எண்டு சொன்னனான்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கூட என்னிடம் அல்ல… தேத்தண்ணிக் கோப்பையிடம்.

அன்று மத்தியானம் வாசலில் நின்றேன். மூக்கு ஏதோ சொன்னது. சன்னலின் தடதடப்பு அடங்கியிருந்தது. மரங்களின் சத்தம் குறைந்திருந்தது. காற்று விழுகிறது! இதையாவது நான் சரியாகச் சொல்வேன். 'பிலோமினா!' என்று கத்த வாயைத் திறந்தேன்… போன் அடித்தது. பேசாலையிலிருந்து அவளுடைய தம்பி யூட். என் படகுகளில் தலைமை ஆள் அவன்தான்.

"அத்தான்! இஞ்ச காத்து விழுந்திட்டு. கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ரெண்டு நாள்தான் இந்த அமைதி, பிறகு திரும்ப எழும்பிடும். இப்பவே பஸ் எடுத்தியளெண்டா நாளைக்குப் படகு இறக்கலாம்."

ஒரே காற்று. அது விழுந்தால் அங்கே படகு இறங்கும், இங்கே புல் வெளுக்கும். இரண்டும் நாளைக்கு.

திரும்பிப் பார்த்தேன். பிலோமினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிக்கிடுவம். கடலை விடேலாது. பனி இன்னொருக்காப் பாக்கலாம்."

இன்னொருக்கா! எங்கள் வயதில் அந்தச் சொல்லை நம்பிப் பை கட்டலாமா? நான் படகுக்குச் சொந்தக்காரனான நாளிலிருந்து, என் கை படாமல் ஒரு படகு தண்ணீரில் இறங்கியதில்லை. நான் கரையில் நின்று சத்தம் போடாவிட்டால் மீன் வலைக்குள் வராது என்பது என் நம்பிக்கை. ஆனால் அவள் சேலையை மடித்த விதம்… ஒரு கோபமும் இல்லாமல், சுருக்கமில்லாமல்…

"யூட், நான் வரேல்லை. நீயே இறக்கு."

"அத்தான்… உங்களுக்குச் சுகமில்லையோ?"

"எல்லாம் சுகம்."

"நீங்கள் நிக்காமல் எப்பிடி அத்தான்…"

"ஏன்ரா, கடலுக்கு என்ர கையெழுத்து வேணுமோ?"

வீரமாகச் சொல்லிவிட்டேன். இருட்டுவதற்குள் பதினொரு தரம் போன் எடுத்து அவனுக்குப் புத்தி சொன்னேன். பன்னிரண்டாவது தரம் அவன் போனை நிறுத்தி வைத்திருந்தான்.

விடியற்காலையில் முத்தையா கதவைத் தட்டினார். "அய்யா, அம்மாவக் கூட்டிட்டு வெரசா வாங்க."

லொட்ஜுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி. அதற்கு அப்பால் புல்வெளி. எல்லாம் வெள்ளை. மன்னார் உப்பளத்தை யாரோ அள்ளி வந்து விரித்துவிட்டது போல.

பிலோமினா செருப்பைக் கழற்றினாள். புல்லில் முழந்தாளிட்டு, வலது கையைப் பனியில் அப்படியே பதித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. அருள் நிறைந்த மரியே… ஒரு மந்திரம் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது விரல்கள் சிவந்து போயிருந்தன. அந்தக் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"போனை எடுங்கோ" என்றாள்.

கனடாவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் றெஜினா வந்தாள்.

"அம்மா! இந்த விடியக்காத்தால பனிக்குள்ள என்ன செய்யிறீங்கள்? உள்ளுக்குப் போங்கோ!"

"நீ எப்பிடிப் பிள்ளை இதுக்குள்ள…" பிலோமினா சிவந்த கையைப் போனுக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குள்ள ஆர் அம்மா இருக்கிறது? வீட்டுக்குள்ள ஹீற்றர் இருக்கு. பாருங்கோ, நான் கையில்லாத சட்டையோட நிக்கிறன். உங்கட பேத்தி ஐஸ்கிறீம் சாப்பிடுறாள்!" போனைத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். பேத்தி மூக்கு முட்ட ஐஸ்கிறீமோடு இருந்தாள்.

"அப்ப ஒவ்வொரு நாளும் சமாளிக்கிறன் எண்டு சொன்னியே?"

"அது உங்கட மருமகனை அம்மா!"

பிலோமினா கையைச் சேலையில் துடைத்தாள்.

"அது சரி, உங்கட அறையில ஹீற்றர் இருக்கோ?" என்று மகள் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றாள் பிலோமினா. "உன்ர அப்பா ஃபான் கொண்டந்தவர்."

கனடா சிரித்தது. முத்தையா சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவையாக பிலோமினாவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். குஞ்சம் வைத்த தொப்பியோடு நான் மட்டும் கம்பீரமாக நிற்க முடியுமா? நானும் சிரித்தேன்.

மத்தியானம் யூட் போன் எடுத்தான். இந்த வாடைக்கே பெரிய மீன்பாடாம். மூன்று படகும் நிறைந்து வந்ததாம்.

"நல்ல அமைதியா வேலை நடந்தது அத்தான். ஒருத்தரும் சத்தம் போடேல்லை. நீங்கள் வேணுமெண்டா இன்னும் ஒரு கிழமை நிண்டிட்டு வாங்கோ."

நாம் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைக்கிற வேலைகள், நாம் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன போலும்.

இப்போதெல்லாம் பிலோமினா மகளிடம் 'குளிருதோ' என்று கேட்பதில்லை. 'ஹீற்றர் வேலை செய்யுதோ' என்று கேட்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று தரம்.

ஃபானை முத்தையாவிடமே விட்டுவிட்டு வந்தேன். மன்னார் ஆட்கள் யாராவது வந்தால் கட்டாயம் கேட்பார்கள்.