கோயில் வெடிக்கு விழுந்த போடியார்

நான் பழுகாமத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பணிப்பெண். சண்டைக் காலம் என்பதால், ஷெல் குண்டுச் சத்தம் கேட்டால் கட்டிலை விட்டிறங்கி நிலத்தில் படுத்துவிட வேண்டும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். தானாக இறங்க முடியாதவர்களை யார் பிடித்து இறக்குவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் கோயில் சாமி எங்கள் தெருவால் வந்தது. பார்ப்பதற்கு எல்லோரும் வாசலுக்குப் போய்விட்டோம். வெடி கொளுத்தினார்கள். உள்ளே தொம்மென்று ஏதோ விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், பாரிசவாதத்தால் ஒரு கால் வராத போடியார், ஒரு காலத்தில் பெரிய வயற்காரர், கட்டிலடியில் குப்புறக் கிடந்தார். கைகளால் தலையைப் பொத்தியிருந்தார்.

"விழுந்திட்டீங்களா போடியார்?"

"விழல்ல மகள். சத்தம் கேட்டா கீழ படுக்கச் சொன்ன நீங்கதானே."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கதவுப் பலகையில் கிடத்தி, தோணியில் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் திரும்பி வரவில்லை.

இப்போது மெத்தைகளை நிலத்திலேயே போட்டிருக்கிறோம். சாமி வந்தாலும் ஷெல் வந்தாலும் எங்களில் ஒருவராவது அறையிலேயே இருப்பார். "அப்படியே இரிங்க, நான் வாறன்" என்றுதான் சொல்கிறோம். போடியாரிடமும் அப்படிச் சொல்லியிருந்தால் இருந்திருப்பார். எங்கள் சொல்லைத் தட்டாத மனிதர்.